தோலில் பெயர், கழுத்தில் நுகத்தடி

அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு பந்தாட்டம். பந்தைப் பிடிக்கக் கையில் தோலுறை மாட்டிக்கொள்வார்கள். ஆட்டக்காரரின் பெயரை உறையில் பொறித்து விற்பது கம்பெனிகளின் வழக்கம். புகழ் பெற்றவர்களை விட்டு, ஊர் மறந்துபோன ஆட்டக்காரர்களின் பெயர் தாங்கிய பழைய உறைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் அங்கே உண்டு.

இதை வெட்டிவேலை என்று நாம் சொல்லமாட்டோம். உழைத்தவன் பெயரைக் காப்பது நல்ல காரியமே. பில் டோக் என்ற பந்துவீச்சாளரைப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல்வாரைப் பின்னினால் பந்து தங்கும் என்று 1920ஐ ஒட்டி ராலிங்ஸ் கம்பெனிக்கு யோசனை சொன்னவர் அவர். உறையின் உருவமே மாறிற்று. இன்று அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் தோழர்களே, பெயர் பொறித்ததால் ஆட்டக்காரன் சுதந்திர மனிதனாகிவிடவில்லை. 'ரிசர்வ்' ஷரத்து அவனைக் கட்டிப்போட்டிருந்தது. முதலாளி விடாமல் வேறு அணிக்குப் போக முடியாது. முதலாளி நினைத்தால் சந்தை மாட்டைப்போல் அவனைக் கைமாற்றலாம்.

இந்த நுகத்தடியை முறித்தது யார்? சங்கம்! எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய மார்வின் மில்லர் 1966ல் ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைமையேற்றார். 6,000 டாலராக இருந்த குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 1968 கூட்டு ஒப்பந்தத்தால் 10,000 ஆயிற்று. தன்னைக் கைமாற்றியதை எதிர்த்த கர்ட் ஃபிளட் 1972ல் உச்சநீதிமன்றத்தில் தோற்றார். போராட்டம் தோற்கவில்லை. 1975 டிசம்பரில் நடுவர் தீர்ப்பு அந்த ஷரத்தைத் தகர்த்தது.

பழைய உறைகளைச் சேர்ப்பவர்கள் சேர்க்கட்டும். அவற்றைத் தைத்த தொழிலாளரின் பெயர் எந்தத் தோலிலும் இல்லை என்பதையும் நினைக்கட்டும். பெயரைத் தோல் காக்கும். மனிதனைக் காப்பது சங்கமே!