கையெழுத்துக்கு முன் ஒரு வார்த்தை

எங்கள் குடியிருப்பில் மூன்று வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் ஏப்ரல் கடைசியில் ஒரு தாளுடன் வந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர். தில்லிக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. இந்தி பேசுவார், படிக்கத் தெரியாது. "புள்ள பாஸுன்னுதான் சொல்றான். ஆனா தினம் ஸ்கூலுக்குக் கூப்பிடறாங்களாம். இதுல என்ன போட்டிருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எட்டாம் வகுப்புப் பையன். கணக்கிலும் அறிவியலிலும் தேறவில்லை, மறுதேர்வு எழுத வேண்டும், அதற்கான சிறப்பு வகுப்புகள் தொடங்கிவிட்டன என்று இந்தியில் அச்சாகியிருந்தது. தேர்வுக்கு ஆறு நாள்தான் இருந்தது. தாளின் அடியில், 'படித்து அறிந்தேன்' என்ற வரிக்குக் கீழே, அவருடைய கையெழுத்து. தமிழில்.

பையன் காட்டிய இடத்தில் போட்டிருக்கிறார். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை, 13 வயது. பள்ளியின் கணக்கிலும் குறையில்லை. தாள் கொடுத்தாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று, செல்பேசிக்குச் செய்தியும் அனுப்பியாயிற்று. அந்த எண் அவர் கணவருடையது. அவர் சிம்மை மாற்றி இரண்டு வருடமாகிறது.

மொழிபெயர்ப்பில் பிழைப்பவன் என்பதால் எனக்கு ஒன்று உறைத்தது. அனுப்பியதும் புரிந்ததும் வேறு வேறு. நம் பள்ளிகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதனால் பெரிய நஷ்டம் இருந்திருக்காது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019-இல் அதைத் திருத்தினார்கள். இப்போது 5, 8 வகுப்புகளின் முடிவில் தேர்வு உண்டு. தேறாதவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தந்து, முடிவு வெளியான இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் நிறுத்திவைக்கலாமா என்பதை அந்தந்த அரசே முடிவு செய்துகொள்ளலாம். பள்ளியை விட்டு அனுப்ப மட்டும் யாருக்கும் உரிமையில்லை.

தில்லி நிறுத்திவைக்க முடிவு செய்தது. 2023-24-இல் தில்லி அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பில் தேறாதவர்கள் 46,000-க்கும் அதிகம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது தெரியவந்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசும் விதிகளை மாற்றியது; கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகள் அதற்குள் வருகின்றன. தமிழகமோ எட்டு வரை நிறுத்துவதில்லை என்ற நிலையை 2025-இல் வெளியிட்ட தன் கல்விக் கொள்கையிலும் உறுதி செய்தது. வங்கி, ரயில்வே, ராணுவம் என்று ஊர் ஊராக மாற்றலாகும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். சென்னையில் கவலையில்லாமல் ஏழாவது முடித்த பிள்ளை தில்லியில் எட்டாவது படித்தால் சட்டமே வேறு.

எட்டாம் வகுப்பின் முடிவில் இன்னொரு பள்ளமும் காத்திருக்கிறது. தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சட்டம் உத்தரவாதம் தரும் இலவசக் கல்வி எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக் கட்டணத்தை ஏப்ரலில் கேட்டால் ஆட்டோ ஓட்டுகிற தகப்பன் எங்கே போவான்? முந்தைய நவம்பரில் சொல்லியிருந்தால் வேறு பள்ளி தேடவோ, சீட்டுப் போடவோ அவனுக்கு ஐந்து மாதம் கிடைத்திருக்கும்.

மாற்றுச் சான்றிதழ் விஷயத்திலும் இதே கதை. பள்ளி மாற விரும்பும் பிள்ளைக்கு அதை உடனே தர வேண்டும், அது வரத் தாமதமாகிறது என்று புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 5-ஆம் பிரிவு. 2025 ஜூன் 1-ஆம் தேதி தில்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. மாற்று வீடு ஒதுக்கப்பட்டவர்களுக்கு அது கிடைத்தது நகரத்தின் மறுகோடியில், நரேலாவில். பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கும்போது வீடு மாறும் தாய்க்கு இந்த ஒரு பிரிவைத் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு உதவி!

இவற்றையெல்லாம் சொல்லவேண்டியது யார்? சட்டம் அதையும் சொல்கிறது. பெற்றோருடன் தவறாமல் கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று 24-ஆம் பிரிவில் இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஆண்டு முடிவில் எந்தத் தகவல் எந்த மாதத்தில் போக வேண்டும் என்று அந்தக் குழு ஒரே கூட்டத்தில் தீர்மானித்துவிடலாம்.

முடியாத காரியமில்லை. 2016 ஜூலையில் தில்லி அரசு தன் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடத்தியது. அழைத்தால் வருவார்கள் என்பது தெரிந்தது. ஆனால் தேர்வு முடிவன்று கூட்டி அட்டையைக் கையில் கொடுப்பதால் பயனில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கூப்பிட வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூப்பிட வேண்டும். செல்பேசி எண்ணை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். படிக்கத் தெரியாத தாய்க்கு வாட்ஸ்அப்பில் எழுத்துக்குப் பதில் குரலாகச் சொல்லலாம். அவர் மொழி தெரிந்த பக்கத்து வகுப்புப் பிள்ளையின் தாயை அருகில் உட்காரவைக்கலாம். இதற்கெல்லாம் நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

ஆசிரியர்களின் சுமை எனக்குத் தெரியாததல்ல. தேர்தல் பணி, கணக்கெடுப்பு, ஓயாமல் கேட்கப்படும் புள்ளிவிவரம். இருந்தாலும் நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைக்கு வருடம் முழுக்கச் செலவாகும் உழைப்போடு ஒப்பிட்டால், ஜனவரியில் பத்து நிமிடம் பேசுவது அவர்களுக்கும் லாபம்தான்.

அந்தப் பையனுக்கு ஆறு நாளும் மாலையில் என் வீட்டில் பாடம் நடந்தது. அறிவியலில் தேறினான். கணக்கில் தேறவில்லை. மறுபடியும் எட்டாம் வகுப்பு.

புதிய ஆண்டு தொடங்கியதும் அந்த அம்மாள் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வகுப்பாசிரியையைப் பார்க்கப் போனார். அதில் இருந்தவை இரண்டே வரி: அவருடைய சொந்தச் செல்பேசி எண், 'இவன் கணக்கில் தடுமாறினால் அன்றைக்கே சொல்லுங்கள்.' ஆசிரியை அதை வருகைப் பதிவேட்டின் அட்டையில் ஒட்டிவைத்துக்கொண்டாராம்.