செயலி அறிவுரை சொல்லும். மாத்திரை யார் கொடுப்பது?

சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, மூட்டு வலி. நாலும் ஒரே உடம்பில் குடியேறிவிட்ட மனிதருக்கு வைத்தியம் பார்ப்பது லேசான காரியமல்ல. ஒரு நோய்க்குக் கொடுக்கிற மருந்து இன்னொரு நோயைக் கிளப்பிவிடும். இந்தச் சிக்கலுக்கு விடை கண்டுவிட்டதாக ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. “மென்பொருள் வந்துவிட்டது. நோயாளியின் விவரங்களைத் தட்டினால் போதும். எந்த மருந்து, எத்தனை வேளை, எது கூடாது என்று அதுவே சொல்லிவிடும். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை என்ற புலம்பல் இனி எதற்கு?” என்கிறார்கள். குளிர்சாதன மண்டபத்தில் உட்கார்ந்து பேசுகிற இந்தக் கனவான்களுக்குப் பாலாற்றங்கரையில் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் நீண்ட சாசனம் ஒன்று இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது, 11-ம் நூற்றாண்டு. ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலையின் வரவு செலவு அதில் வெட்டப்பட்டிருக்கிறது. பதினைந்து படுக்கை. வைத்தியர் ஒருவர், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவைச் சிகிச்சைக்கு ஒருவர். மூலிகை பறிக்க, விறகு கொண்டுவர, மருந்து காய்ச்ச இருவர். நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். அவரவருக்கு என்ன ஊதியம் என்ற கணக்கு. இருப்பில் வைக்க வேண்டிய சுமார் இருபது மருந்துகள், பெயர் பெயராக.

இதைக் காட்டி மார்தட்டிக்கொள்ள நான் எழுதவில்லை. அந்த ஆதுலசாலை கோயிலை ஒட்டிய கல்விச்சாலையில் வேதம் படித்தவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும் ஏற்பட்டது. ஏர் பிடித்தவனுக்கு அங்கே பாய் விரித்ததாகச் சாசனம் சொல்லவில்லை. அளந்து கொடுத்த நெல் மட்டும் அவன் விளைவித்தது! இருந்தாலும், வைத்தியம் என்றால் எத்தனை கை வேண்டும், அந்தக் கைகளுக்கு என்ன கூலி, அலமாரியில் என்ன மருந்து என்று கணக்குப் போட்டாக வேண்டும் என்பது அந்த மன்னனின் அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மென்பொருள் பக்தர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவே மறுக்கிறார்கள்.

யந்திரத்தோடு நமக்குப் பகை கிடையாது. 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எந்தக் கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தான் நடத்தியது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர அது உதவியது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டன. பொதுஜனங்களுக்குப் பயன்படும் யந்திரத்தை யார் வேண்டாமென்பார்கள்?

நோயாளி விஷயத்தில் மென்பொருள் என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன்; டாக்டர்கள் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டதையே சொல்கிறேன். காஞ்சிபுரம் பக்கத்தில் குழித்தறியில் முப்பது வருஷம் கால் தொங்கவிட்டு உட்கார்ந்த நெசவாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பும் முட்டியும் போய்விட்டன. மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தறியில் இறங்குகிறார். அது ரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. கொதிப்புக்குக் கொடுத்த எனலாப்ரில் மாத்திரையோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் பதம் பார்க்கிறது. சிறுநீரகம் தளர்ந்தபின், சர்க்கரைக்குச் சாப்பிடுகிற கிளிபென்கிளமைடின் வேகம் உடம்பில் தணியாமல் நிற்கிறது. மதியச் சாப்பாடு தள்ளிப்போன அன்று சர்க்கரை அடியோடு இறங்கித் தறியிலேயே சாய்கிறார். மெட்ஃபார்மினின் அளவையும் குறைக்க வேண்டும்; ஒரு கட்டத்துக்குமேல் அதை நிறுத்தவே வேண்டும்.

இவ்வளவையும் மறக்காமல் நினைவில் வைத்து எச்சரிப்பது மென்பொருளால் முடியும். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது டாக்டருக்கு அது பெரிய துணைதான். ஆனால் அது எச்சரிக்க வேண்டுமானால், முதலில் ரத்தம் எடுத்து கிரியாட்டினின் எவ்வளவு என்று பரிசோதிக்க ஆள் வேண்டும், பரிசோதனைக்கூடம் வேண்டும். டைக்ளோஃபினாக் விவகாரம் செயலிக்கு எப்படித் தெரியும்? எந்தச் சீட்டிலும் அது இல்லை. “வேறு மாத்திரை உண்டா?” என்று கேட்டால் “இல்லை” என்பார் நெசவாளி. பழகிய நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, “அண்ணே, முட்டி வலியோட எப்படித் தறியில இறங்குறீங்க? வலிக்கு என்ன போடுறீங்க?” என்று கேட்டால்தான் சட்டைப்பையிலிருந்து அட்டை வெளியே வரும். அந்த ஐந்து நிமிஷத்தை எந்தக் கம்பெனி தயாரித்து விற்கப் போகிறது?

இது என் ஊகமென்று தள்ளிவிட வேண்டாம். ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமூக சுகாதார மையங்களில், கொதிப்போ சர்க்கரையோ உள்ள 3,698 பேரை வைத்து ‘எம்வெல்கேர்’ என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். ஒரு பகுதி மையங்களில் மென்பொருள் டாக்டருக்கு ஆலோசனை சொன்னது. மற்றவற்றில் மென்பொருள் இல்லை. பயிற்சியும் சிகிச்சை முறை விளக்க அட்டைகளும் மட்டும். முடிவு 2019-ல் வெளிவந்தது. ஒரு வருஷத்தில் இரண்டு பக்கமும் ரத்த அழுத்தம் இறங்கியது, சர்க்கரை இறங்கியது. இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை! ஆராய்ச்சி செய்தவர்கள் இதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அவர்களைப் பாராட்ட வேண்டும். மண்டபத்துக் கனவான்கள் இதைப்பற்றி வாய் திறப்பதில்லை.

நம் மாநிலத்திலேயே பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. 2024-ல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. அதைத் தோளில் சுமந்தது யார்? மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்த பெண்கள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, அதைச் செல்போனில் பதிவு செய்து, மாத்திரையைக் கையில் கொடுத்தவர்கள். அவர்களுக்குத் தொடக்கத்தில் நிர்ணயித்தது மாதம் 4,500 ரூபாய். அதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, ‘ஊக்கத்தொகை’யாம்! அவர்கள் ஊழியர்களும் அல்ல, ‘தன்னார்வலர்’களாம்! சோழன் காலத்துப் பணிப்பெண்ணின் ஊதியத்தைக் கல்லில் வெட்டினார்கள். நம் காலத்தில் அந்த வேலைக்கு ஊதியம் என்ற சொல்லையே கொடுக்க மனமில்லை. எந்த மென்பொருளும் இந்தப் பெண்கள் பதிந்து தருகிற எண்ணைத் தின்றுதான் உயிர் வாழ முடியும். அவர்கள் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்தால் தெரியும், செயலியின் பவிசு!

இன்னொரு விஷயத்தை வாசகர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். செயலி டாக்டருக்குச் சொல்கிறது, சரி. செயலிக்குச் சொல்லிக் கொடுப்பது யார்?

அமெரிக்காவில் ‘பிராக்டிஸ் ஃப்யூஷன்’ என்றொரு கம்பெனி. டாக்டர்களுக்கு நோயாளிப் பதிவு மென்பொருளை இனாமாகக் கொடுத்து, விளம்பரத்தில் காசு பார்த்தது. இனாம் என்றாலே நாம் உஷாராக வேண்டும். 2016-ல் ஓபியாய்டு என்னும் போதை தரும் வலி மருந்தைத் தயாரிக்கிற முதலாளியிடம் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் கை நீட்டி வாங்கியது. எதற்கு? நோயாளிக்கு வலி என்றதும் டாக்டரின் திரையில் தானாக ஓர் ‘ஆலோசனை’ எழும்ப வேண்டும். அந்த மருந்தை நோக்கி அவர் கை போக வேண்டும். வைத்திய சாஸ்திரத்தின் பெயரால் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி திரைக்குள் உட்கார்ந்திருந்தான்! ஓபியாய்டுக்கு அடிமையாகி அந்த நாட்டில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. 2020 ஜனவரியில் அந்தக் கம்பெனி 14.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பணம் கொடுத்த ‘பர்டியூ பார்மா’ அதே ஆண்டு நவம்பரில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

முட்டி வலிக்கார நம் நெசவாளியின் முன்னால் நாளை ஒரு திரை வைக்கப்பட்டால், அதற்குள் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? “கம்பெனி ரகசியம்” என்று பதில் வந்தால், அந்த மென்பொருள் சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. எந்த விதிப்படி ஆலோசனை சொல்கிறது என்பதை எந்த டாக்டரும் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். மருந்துக் கம்பெனியின் ஒற்றைக் காசு அதில் படக் கூடாது. ஆலோசனை தப்பாகிப் போனால் பழியை நர்ஸ் தலையில் கட்டிவிட்டுக் கம்பெனி நழுவவும் இடம் இருக்கக் கூடாது.

மென்பொருளைக் கொண்டு வாருங்கள். அதற்கு முன்னால் காலியாகக் கிடக்கிற டாக்டர், நர்ஸ், பரிசோதனைக்கூட ஊழியர் இடங்களை நிரப்புங்கள். வீடு தேடிப் போகிற பெண்களை ஊழியர்களாக ஏற்று மாதச் சம்பளம் கொடுங்கள். இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்பார்கள். டேப்லட் வாங்குவதற்கு டெண்டர் விடும்போது அந்தக் கேள்வி யாருக்கும் எழுவதில்லையே, அது ஏன்?