டானியல் யாருடையவர்?

பாறசாலையைக் கடந்து களியக்காவிளையில் கால் வைத்தால் மாநிலம் மாறிவிடுகிறது. மண் மாறுவதில்லை, தென்னையும் மரவள்ளியும் மாறுவதில்லை, பேச்சிலும் இரு மொழிகள் கைகோத்தே வருகின்றன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தைப் பிரித்த அந்தக் கோடு கலைஞனையும் பிரிக்க வல்லதோ? அன்று என்பதே நம் வாதம்.

1900-இல் அகஸ்தீசுவரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஜே. சி. டானியல். சொந்த நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' நிறுவினார். மலையாளத் திரையின் முதற்படமாகிய 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படத்தைத் தாமே எழுதி, இயக்கி, அதில் நடிக்கவும் செய்தார். அது வெளியான ஆண்டை 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். புராணங்களே பெரிதும் படமாகி வந்த நாளில் அவர் சமூகக் கதையைத் தேர்ந்தார். புதிய பொறியைக் கொண்டு மனிதனை மனிதனுக்குக் காட்ட முனைந்தார்.

அதற்குக் கிடைத்த பரிசு யாது? ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணாகிய பி. கே. ரோசி, நாயர் குல நங்கையாகத் திரையில் தோன்றினார். கேப்பிட்டல் அரங்கில் கல் பறந்தது. ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. கேமராவுக்குச் சாதி தெரியவில்லை. பார்த்த கண்களுக்குத் தெரிந்தது.

பொருளிழந்த டானியல் பல் மருத்துவராய்க் காலம் கழித்தார். முதுமையில் நலிந்த கலைஞர்க்குரிய உதவித்தொகை கேட்டபோது, அவர் தமிழ்நாட்டவர் என்று கேரள அரசு மறுத்ததாக அவர் வரலாறு கூறுகிறது. கோப்பு எழுதிப் பழகிய நமக்கு அந்த விடையின் நடை புதிதன்று. விதி பிழைக்கவில்லை, மனிதன் பிழைத்தானா என்று எவரும் கேட்கவில்லை. 1975-இல் அவர் மறைந்தார்.

இதைச் சொல்லி மலையாளிகளைப் பழிப்பது எளிது, அது நேர்மையன்று. அவர் புகழை மீட்கப் போராடியவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் மலையாள எழுத்தாளரே. 1992-இல் அவர் பெயரால் விருது நிறுவியதும் கேரள அரசே. 2013-இல் 'செல்லுலாயிட்' படத்தில் அவர் கதையைச் சொன்னவர் கமல் என்னும் மலையாள இயக்குநர். தமிழர் நாம் செய்தது யாது? 'நம்மவர்' என்று பெருமை பேச மட்டும் அவர் நமக்கு வேண்டுமா?

அன்பர்களே! எல்லைச் சிற்றூர்களில் இரு மொழியிலும் வளரும் நம் பிள்ளைகளிடம் டானியலின் கதையைச் சொல்லுங்கள். ரோசியை விட்டுவிடாமல் சொல்லுங்கள். 'அவர் யாருடையவர்?' என்று அவர்கள் கேட்டால், அவரை மறவாதவர்க்கெல்லாம் உரியவர் என்று விடை கூறுங்கள். அவ்வுரிமையை நாம் இனிமேல்தான் ஈட்டவேண்டும்.