ஒரு விரல் தடிப்புக் குழாயும் எங்கள் பட்டப்படிப்பும்

முதலில் ஒரு வாக்குமூலம். மூன்று வருசமாக உழைப்பைப் பற்றிக் கதைக்கிறோம். அந்நியமாதல் பற்றி ஒப்படை எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறோம். ஆனால் ஒரு காரின் எஞ்சினுக்குள் எவ்வளவு ஒயில் கிடக்கிறது என்று எப்படிப் பார்ப்பதென்பது போன மாதம் வரைக்கும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. "நாங்கள் கலைப்பீடம்தானே" என்று சொல்லித் தப்பலாம். தப்ப விருப்பமில்லாததால்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா ஹயர் ஓடுகிறவர். நாற்பது வயதைத் தொட்ட ஜப்பான் கார். அவளுடைய விடுதிக் காசு, தம்பியின் ரியூசன் காசு எல்லாம் அந்தக் காரிலிருந்துதான் வருகிறது. ஒரு நாள் காலையில் ஒயில் பார்க்க அவர் டிப்ஸ்டிக்கை இழுத்தார். கோலோடு சேர்ந்து குழாயும் கையோடு வந்துவிட்டது. அடியில் முறிந்திருந்தது.

அந்தக் குழாய் பெரிய சாமான் இல்லை. எஞ்சின் புளொக்கின் பக்கத்திலுள்ள ஓட்டையில் இறுக்கிச் சொருகிய ஒரு விரல் தடிப்பு இரும்புக் குழாய், அவ்வளவுதான். மேல்பக்கத்தில் ஒரு சின்ன பிறக்கற், ஒரு போல்ட். எப்போதோ ஒரு வேலையின்போது அந்தப் போல்ட்டைக் கழற்றியவர் திருப்பிப் பூட்டவில்லை. அதற்குப் பிறகு எஞ்சினின் நடுக்கம் முழுவதையும் குழாயின் அடிதான் தாங்கியிருக்கிறது. துருவும் சேர, புளொக்கின் வாயோடு முறிந்து மிச்சத் துண்டு உள்ளே இறுகிக் கிடந்தது.

முதலில் போன இடம் கண்ணாடி போட்ட பெரிய கராஜ். "உந்தக் காருக்கு இனிச் சாமான் வராது. வேறை எஞ்சின் ஒண்டு போடுங்கோ, இல்லாட்டி வித்துப்போடுங்கோ" என்றார்கள். லட்சக் கணக்கில் ஒரு தொகையும் சொன்னார்கள். ஒருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது இடத்தில் ஒரு றப்பர் ஹோஸை வெட்டி இரண்டு கிளிப் போட்டு இணைத்துத் தருகிறோம், பத்து நிமிச வேலை என்றார்கள். எங்களுக்கு அது பெரிய கெட்டித்தனமாகப் பட்டது. மூன்றாவது இடத்துக்குப் போன பிறகுதான் அது எவ்வளவு ஆபத்தான கெட்டித்தனம் என்று விளங்கியது.

மூன்றாவது இடம் தகரக் கொட்டில். அங்கேயிருந்த மெக்கானிக் அண்ணை முதலில் கேட்டது, "முறிஞ்ச துண்டு எங்கை? எறிஞ்சுபோடேல்லைத்தானே?" நல்லகாலம், எறியவில்லை. பிறகு எங்களுக்கு வகுப்பெடுத்தார். கொதிக்கிற மனிபோல்ட் பக்கத்திலேயே இருக்கிறது. சூட்டிலும் ஒயிலிலும் சாதாரண றப்பர் கெதியாக வெடிக்கும். ஒழுகுகிற ஒயில் மனிபோல்ட்டில் விழுந்தால் முதலில் புகை, பிறகு நெருப்பு.

அதைவிட மோசமான விசயம் உயரம். டிப்ஸ்டிக் தனியே உண்மை சொல்லாது. குழாய் சரியான உயரத்தில் நின்றால்தான் கோலின் கோடுகளுக்கு அர்த்தம். குழாய் அரை அங்குலம் கட்டையாகிவிட்டால் கோல் அரை அங்குலம் ஆழமாக இறங்கும், இல்லாத ஒயிலை இருக்கிறதென்று காட்டும். நீங்கள் நிம்மதியாக ஓடுவீர்கள், உள்ளே பெயரிங் காய்ந்து தேயும். குழாய் நீண்டுவிட்டால் இருக்கிற ஒயிலைக் குறைத்துக் காட்டும். நீங்கள் மேலும் மேலும் ஊற்றுவீர்கள், கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், சீல்களால் ஒழுகும்.

மிச்சத் துண்டை அவர் துளைக்கவில்லை. "துளைச்சா இரும்புத் தூள் சம்புக்கை விழும். விழுந்தா எஞ்சின் சரி" என்றார். துரு இளக்கும் ஒயிலை விட்டு ஒரு இரவு ஊறவிட்டார். அடுத்த நாள், மரை வெட்டும் ரப்பில் தடிப்பாகக் கிறீஸ் பூசி, அந்தத் துண்டின் உட்பக்கத்தில் மெல்ல மெல்ல மரை வெட்டினார். அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே, துடைப்பு, திரும்பவும் கிறீஸ். தூள் முழுக்கக் கிறீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு அதற்குள் ஒரு போல்ட்டை ஏற்றி, வெளியே வாசர் கொடுத்து நட்டை இறுக்க, துண்டு மெதுவாக நகர்ந்து வெளியே வந்தது.

பழைய இரும்புக் கடையில் அதே தடிப்பில் வேறொரு எஞ்சினின் குழாய் கிடைத்தது. ஆனால் நீளம் கூட. முறிந்த இரண்டு துண்டையும் ஒன்றாக வைத்து அளந்து, லேத்தில் வெட்டுவித்து, சீலன்ற் பூசிச் சொருகி, பிறக்கற்றுக்குப் புதுப் போல்ட் போட்டார். பழைய ஒயிலை முழுக்க இறக்கினார். புத்தகத்திலுள்ள லீற்றர் கணக்குக்கு அளந்து ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, ஒயில் இறங்கும்வரை பொறுத்து, சமதரையில் வைத்துக் கோலை இழுத்தார். ஒயில் மேல்கோட்டில் நின்றது. முழுச் செலவும் புது எஞ்சினுக்குக் கேட்ட காசில் நூற்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

இது வெறும் ஒரு மெக்கானிக் கதை என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டோம். எங்கள் கோபம் வேறு.

2020 மார்ச்சில் இந்த நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருசம். அந்த ஐந்து வருசமும் இந்த நாட்டை ஓட வைத்தவர்கள் யார்? பொருளாதார நெருக்கடி பற்றிய கருத்தரங்குகளில் எல்லாரையும் கூப்பிட்டார்கள், தகரக் கொட்டிலிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை. நாங்கள் ஒழுங்கு செய்த கூட்டங்களிலும்தான்.

எங்கள் வீடுகளில் "படிக்காட்டிக் கராஜிலைதான் கொண்டுபோய் விடுவன்" என்பது ஒரு வெருட்டு. அந்த வெருட்டைக் கேட்டு வளர்ந்த நாங்கள்தான் இன்றைக்கு வர்க்கம் பற்றி எழுதுகிறோம். கையால் செய்கிற தொழிலுக்கெல்லாம் சாதியை ஒட்டிவைத்த ஊர் இது. சோதனை பாஸ் பண்ணினவன் யோசிப்பான், பெயில் விட்டவன் முடுக்குவான் என்பது அதே பழைய பிரிவினையின் புதுச் சட்டை. மரை வெட்டும்போது அரைச் சுற்றில் ஏன் நிறுத்த வேண்டும் என்று அந்த அண்ணை சொன்னதில் எங்கள் ஒப்படைகளை விடக் கூடுதல் யோசனை இருந்தது.

சிலர் உடனே பொருளாதாரத் தடைக் காலத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "எங்கடை ஆக்கள் மண்ணெண்ணெயிலை கார் ஓட்டினவை" என்ற பெருமை. உண்மைதான். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் கொஞ்சப் பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ரிங்குகளால் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறும், ஒயில் தண்ணீராகும். அதாவது நிறைந்திருக்கிறது என்று கோல் காட்டும்போதுதான் எஞ்சின் அழிந்துகொண்டிருக்கும். அந்தக் காலத்தை வீரக்கதையாக மட்டும் சொல்வதும் அப்படியொரு அளவைதான். அது கெட்டித்தனம், ஆனால் கழுத்தை நெரித்ததால் வந்த கெட்டித்தனம். இன்றைக்கும் மெக்கானிக்மார் ஒன்றுமில்லாமல் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மரியாதை ஆகாது. அவர்களுக்கு நல்ல ஆயுதம், கையுறை, சரியான கூலி வேண்டும். பழகவரும் பெடியளுக்குச் சான்றிதழோடு பயிற்சி வேண்டும்.

பழைய கார் புகை கக்குமே, அதைக் காப்பாற்றத்தான் வேண்டுமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. புகை கக்குகிற, பிறேக் இல்லாத வண்டியைத் தெருவில் விடு என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு குழாய்க்காக ஒரு எஞ்சினையே எறியச் சொல்வதைத்தான் எதிர்க்கிறோம். அதைச் சூழல் அக்கறை என்று சொல்ல வேண்டாம், அது வியாபாரம்.

அந்த வியாபாரம் இப்போது குழாயையே எடுத்துவிட்டது. சில புதிய கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஒயில் மட்டத்தைத் திரையில் பார்க்க வேண்டும், அது சொன்னால் சொன்னதுதான். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மக்கள், திருத்தும் தகவல்களை வெளிக் கராஜ்களுக்கும் கார்க் கம்பனிகள் கொடுக்க வேண்டும் என்று 2012 இல் வாக்களித்தார்கள், 2020 இல் திரும்பவும் வாக்களித்தார்கள். வாங்கின பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை அங்கே அரசியல். நாங்கள் போன எந்த மேடையிலும் அதைக் கேட்டதில்லை.

வேலை முடிந்து கை கழுவும்போது அண்ணை கேட்டார்: "என்ன படிக்கிறியள்?" சொன்னோம். "தமிழிலை எழுதுவியள்தானே? உந்த அளவுகளை ஒரு பேப்பரிலை வடிவா எழுதித் தாங்கோ, பெடியனுக்குச் சொல்லிக் குடுக்க." எழுதப் போனால் பாதிச் சாமானுக்கு எங்களுக்குப் பெயர் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். மூன்று வருசத்தில் நாங்கள் எழுதியதில் ஒருவர் சுவரில் ஒட்டி வைத்த முதல் பக்கம் அதுதான்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. நாளைக்கு உங்கள் வீட்டு வண்டியின் பொனற்றைத் திறவுங்கள். டிப்ஸ்டிக் குழாயைக் கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்தச் சின்னப் போல்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அது முறிய முதல், கிட்ட இருக்கிற தகரக் கொட்டிலுக்குப் போங்கள். போனால் காரிலேயே குந்தியிருக்காமல் இறங்கி நின்று பாருங்கள், கேளுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.