ஆறு வாரத்தில் உடற்றொழிலியல்

ஐக்கிய அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் தாதியர் பயிற்சிக்குச் சேர விரும்புவோர், முதலில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் சித்தியடைய வேண்டியுள்ளது. வழமையாக ஏறக்குறைய 16 வாரங்கள் நடைபெறும் பாடநெறி, கோடை விடுமுறையில் 6 அல்லது 8 வாரங்களில் முடிக்கப்படுகிறது. காலத்தை மிச்சப்படுத்தலாம் என்று பலர் சேர்கின்றனர். எமது நாட்டில் பரீட்சைக்கு முன் நடக்கும் துரித வகுப்புகளை அறிந்த வாசகர்களுக்கு இந்த அவசரம் புதிதல்ல.

வாரங்கள் குறைகின்றனவே தவிர, பாடம் குறைவதில்லை. வாரத்தில் 3 மணித்தியால விரிவுரையும் 3 மணித்தியால ஆய்வுகூட வேலையும் உள்ள பாடத்துக்கு 16 வாரங்களில் 96 மணித்தியாலங்கள் ஆகும். அதை 6 வாரங்களில் முடிப்பதாயின் வாரத்துக்கு 16 மணித்தியாலங்கள் வகுப்பிலேயே கழியும். வீட்டில் படிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேண்டும்.

வேலைக்குப் போகாத மாணவிக்கு இது இயலும். ஒரே பாடத்தில் நாள்தோறும் ஊன்றியிருப்பது சிலருக்கு நன்மையும்கூட. ஆனால் விரைவில் உழைக்கத் தொடங்க வேண்டிய அவசரம் யாருக்கு அதிகம்? கூலிக்கு வேலை செய்து, பிள்ளையையும் பார்த்துக்கொண்டு படிக்கும் வறிய பெண்ணுக்கே. நேரம் மிகக் குறைவாக உள்ளவரும் அவரே. சித்தியடையத் தவறினால் கட்டிய பணமும் மிச்சம் பிடிக்க நினைத்த காலமும் சேர்ந்தே போய்விடும்.

பொற்றாசியத்தை நாளத்தினுள் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். அது ஏன் என்று விளங்கவைப்பது இந்தப் பாடமே. பரீட்சைக்கு மறுநாள் மறந்துபோகும் அறிவு நோயாளியைக் காப்பாற்றாது.

ஆகவே, கோடையில் ஒரு பாடத்தை மட்டும் எடுப்பதும், வேலை நேரத்தைக் குறைக்க முடியாதோர் நீண்ட தவணையைத் தெரிவதுமே நல்லது என்பது எமது கருத்து. இந்தக் கணக்கைச் சேருமுன்னரே மாணவருக்குச் சொல்லிவைப்பது கல்லூரிகளின் கடமையாகும்.