கல்யாணமான "மிஸ்" இந்தியாக்கள்

"அந்தக் காலத்துப் பெண்கள் அடுப்பங்கரையில் கிடந்தார்கள். 1994ல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் கிரீடம் சூடிய பிறகுதான் இந்தியப் பெண் உலக மேடை ஏறினாள்." அழகிப் போட்டி பற்றிப் பேச்சு வந்தால் ஒரு தரப்பு இப்படித்தான் ஆரம்பிக்கும். "அழகிப் போட்டியே 1991க்குப் பிறகு மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான குப்பை, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது" என்று எதிர்த்தரப்பு பதில் கொடுக்கும். முப்பது வருடமாக இந்தப் பட்டிமன்றம் ஓயவில்லை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்புமே பழைய மிஸ் இந்தியாக்கள் யார் என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

பார்த்தால் இரண்டு வாதமும் அங்கேயே விழுந்துவிடும்.

முதல் மிஸ் இந்தியா என்று அறியப்படுபவர் பிரமீளா. இயற்பெயர் எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம், கல்கத்தாவைச் சேர்ந்த பாக்தாதி யூதக் குடும்பத்துப் பெண். 1947ல் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது முப்பது. இந்திப் பட நடிகை. ஏற்கெனவே பல குழந்தைகளுக்குத் தாய், போட்டி நடந்தபோது வயிற்றில் இன்னொன்று! பின்னாளில் சொந்தமாகப் படங்கள் தயாரித்தார். இருபது வருடம் கழித்து, 1967ல், அவருடைய மகள் நக்கி ஜகான் மிஸ் இந்தியா ஆனார். அம்மாவும் மகளும் ஒரே பட்டம்.

அடுத்தவர் இந்திராணி ரஹ்மான். பிறந்தது சென்னையில். பந்தநல்லூர் பாணி பரதத்தை சொக்கலிங்கம் பிள்ளையிடம் கற்றவர். பதினைந்து வயதில் கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானைக் கல்யாணம் செய்துகொண்டார். 1952ல் மிஸ் இந்தியா ஆனபோது ஒரு குழந்தைக்குத் தாய். அதே வருடம் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த முதல் மிஸ் யூனிவர்ஸ் போட்டியில், நெற்றியில் பொட்டும் தலையில் பூவும் வைத்துக்கொண்டு நீச்சலுடையில் நின்றார். பண்பாட்டுக் காவலர்கள் இவரை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? நீச்சலுடை போட்டதால் பண்பாடு கெட்டவர் என்றால், ஒடிசி நடனத்தை உலக நாடுகளுக்குக் கொண்டுபோனதும் 1969ல் பத்மஸ்ரீ வாங்கியதும் இவரேதானே!

மூன்றாமவர் ரீட்டா பரியா. பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரி மாணவி. 1966ல் ஈவ்ஸ் வீக்லி மிஸ் இந்தியா பட்டம் வாங்கி, இரவல் புடவையும் இரவல் நீச்சலுடையுமாக லண்டனுக்குப் போய், உலக அழகிப் பட்டம் வென்ற முதல் ஆசியப் பெண்ணாகத் திரும்பினார். ஒரு வருடம் கடமையை முடித்தார். சினிமாவும் மாடலிங்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு லண்டனில் மருத்துவப் படிப்பைத் தொடர்ந்து டாக்டர் ஆனார். அவருக்குக் கிரீடம் வழியில் வந்துபோன ஒரு ஊர், அவ்வளவுதான்.

ஒரு தாய், ஒரு நாட்டியக்காரி, ஒரு டாக்டர். இவர்களா அடுப்பங்கரையில் கிடந்தவர்கள்?

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காலப் போட்டிகள் பம்பாய், கல்கத்தா மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு. ஆங்கிலம் தெரிந்த, வசதியான குடும்பப் பெண்களுக்குத்தான் கதவு திறந்தது. உடம்பைப் பார்த்து மார்க் போடும் வேலை அன்றும் உண்டு. மிஸ் யூனிவர்ஸ் பிறந்த கதையே நீச்சலுடை வியாபாரம்தான். 1951ன் மிஸ் அமெரிக்கா யோலண்ட் பெட்பீஸ் நீச்சலுடையில் ஊர் சுற்ற மாட்டேன் என்று மறுத்தார். கோபித்துக்கொண்ட காட்டலினா என்ற நீச்சலுடைக் கம்பெனி, தனக்கென்று தொடங்கிய போட்டிதான் அது. ஆகவே அன்று எல்லாம் தங்கம், இன்று எல்லாம் தகரம் என்று புலம்புவதும் பொய்தான்.

ஆனால் அன்று மேடை ஏறியவளுக்கு மேடைக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கலாம். கணவன், குழந்தை, தொழில், படிப்பு என்று எது இருந்தாலும் தடையில்லை. பிறகு விதிகள் வந்தன. இந்திராணி நின்ற அதே லாங் பீச்சில், ஐந்தே வருடத்தில், 1957ன் மிஸ் யு.எஸ்.ஏ லியோனா கேஜ் கல்யாணமானவர், இரண்டு குழந்தைகளின் தாய் என்று தெரிந்ததும் பட்டத்தைப் பறித்தார்கள். இந்தியாவிலும் அதே சட்டம் வந்து உட்கார்ந்தது. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. வயது தாண்டக் கூடாது. உயரம் குறையக் கூடாது.

ஏன் இந்த விதி? பெண்ணின் ஒழுக்கத்தைக் காக்கவா? ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டு, கூப்பிட்ட இடத்துக்கு அனுப்ப வேண்டிய பொருளுக்குச் சொந்த வேலைகள் இருக்கக் கூடாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் ரிப்பன் வெட்ட வராமல் போனால் கம்பெனிக்கு நஷ்டம்!

தொண்ணூறுகளில் இது முழுத் தொழிலாக மாறியது. லோரியல், ரெவ்லான் எல்லாம் இந்தியாவில் கடை விரித்த காலம் அது. 1994, 1997, 1999, 2000 என்று கிரீடங்கள் வரிசையாக வந்தன. சந்தையைப் பிடிக்கத்தான் பட்டம் கொடுத்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஆதாரம் கிடையாது, தேவையும் இல்லை. ஜெயித்த பெண்கள் திறமைசாலிகள்தான். 1994ல் மிஸ் இந்தியா மேடையில் தான் போட்ட உடை டெல்லி சரோஜினி நகரில் துணி வாங்கி சாதாரணத் தையல்காரரிடம் தைத்தது, கையுறை காலுறையை வெட்டிச் செய்தது என்று சுஷ்மிதா பிற்பாடு சொன்னார். குற்றம் அந்தப் பெண்கள்மேல் இல்லை. அவர்கள் ஜெயித்த விதத்தைப் பார்த்து அச்சு வார்த்தார்களே, அங்கேதான் இருக்கிறது.

2003ல் மும்பையில் மிஸ் இந்தியா பயிற்சியைக் கூடவே இருந்து கவனித்த மானுடவியல் ஆய்வாளர் சூசன் டியூவி 2008ல் அதைப் புத்தகமாக்கினார். உச்சரிப்புக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், தோல் நிறத்தை வெளுக்க ஒரு மருத்துவர்! அந்த அச்சில் வார்த்தால் என்ன வரும் என்பதை 2019ல் நாடே பார்த்தது. இறுதிச் சுற்றுக்கு வந்த 30 பெண்களின் படங்களைப் பத்திரிகையில் ஒன்றாகப் போட்டார்கள். எல்லாம் ஒரே முடி, ஒரே சிரிப்பு, ஒரே வெளுப்பு. முப்பது மாநிலத்துப் பெண்களா, ஒரே பெண்ணின் முப்பது நகலா என்று ஊரே கேலி செய்தது. இதற்குப் பெயர் பெண் விடுதலையாம்.

எதிர்த்தவர்களாவது ஒழுங்காக எதிர்த்தார்களா? 1996ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது பெண்கள் அமைப்புகள் வணிகத்தைக் கேள்வி கேட்டன. ஆனால் அந்தக் குரலை மானம், மரியாதை, பாரதப் பண்பாடு என்ற கூச்சல் அமுக்கிவிட்டது. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிரையே விட்டார். விளைந்தது என்ன? நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். போட்டி நடந்தது. விளம்பரம் ஓடியது. வெளுக்கும் கிரீம் விற்றது. பெண்ணின் உடம்பு யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் ஒருவர் கம்பெனிக்கு என்றார், மற்றவர் கலாச்சாரத்துக்கு என்றார். அவளுக்குத்தான் என்று சொன்னவர்களின் குரல் யார் காதிலும் விழவில்லை.

சுஷ்மிதா 2000ல், கல்யாணம் ஆகாமலே, நீதிமன்றம் ஏறிப் போராடி ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார். கிரீடத்தைவிடப் பெரிய காரியம் அது. அதே குழந்தை 1994ல் அவர் கையில் இருந்திருந்தால் போட்டி வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

2023லிருந்து கல்யாணமானவர்களும் தாய்மார்களும் மிஸ் யூனிவர்ஸில் கலந்துகொள்ளலாம் என்று விதியை மாற்றினார்கள். 2024ல் வயது வரம்பையும் எடுத்தார்கள். "புரட்சி" என்று ஊடகங்கள் ஆஹா ஓஹோ என்றன. சென்னையில் பிறந்த ஒரு பரதக் கலைஞர், ஒரு குழந்தையின் தாய், 1952லேயே சாதாரணமாக நடந்துபோன வாசல் அது. அதைச் சாத்தி வைத்துவிட்டு 71 வருடம் கழித்துத் திறக்கிறார்கள். அதற்குக் கைதட்டல் வேறு!