யாரும் ஜெயிக்காத ஆட்டம்



சிங்கப்பூரின் செந்தோசாவில் நடந்த உலக செஸ் சாம்பியன் போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் நேரே 2024 டிசம்பர் 12க்குப் போய்விடுகிறார்கள். பதினெட்டு வயது குகேஷ், டிங் லிரனை வென்று பட்டம் சூடிய நாள். மகிழ்ச்சிதான். சென்னையும் டெல்லியும் கேட்ட போட்டி நம் ஊருக்கு வந்ததில் எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அந்த ஆட்டத்தை அல்ல. டிசம்பர் 3 அன்று நடந்த ஏழாவது ஆட்டத்தை. அதில் யாரும் ஜெயிக்கவில்லை.

நான்காவது ஆட்டம் முதல் பத்தாவது வரை வரிசையாக ஏழும் டிரா. "இன்னிக்கும் டிராவா?" என்று சலித்துக்கொண்டவர்கள் அந்த ஏழாவது ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெள்ளைக் காய் குகேஷுக்கு. முதல் 40 நகர்வுகளுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம். அதுவரை ஒரு விநாடிகூடக் கூடுதலாகக் கிடைக்காது. நாற்பதை எட்டும்போது டிங்கின் கடிகாரத்தில் மிஞ்சியவை சில விநாடிகளே. நிலைமையும் மோசம். அந்த மனிதர் அசரவில்லை. ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து, ஐந்து மணி நேரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்து, 72ஆவது நகர்வில் கை குலுக்கினார். கையில் வந்த வெற்றி நழுவியதும் குகேஷ் துவண்டுவிடவில்லை. மறுநாளே வந்து உட்கார்ந்து இன்னொரு டிரா ஆடினார்.

எல்லா டிராவும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அதே போட்டியின் இரண்டாவது ஆட்டம், ஒரே நிலை மும்முறை திரும்பி வந்ததால் 23 நகர்வுகளில் முடிந்தது. மாஸ்கோவில் கார்ப்போவும் காஸ்பரோவும் 1984 செப்டம்பரில் தொடங்கி 48 ஆட்டங்கள் ஆடி, அவற்றில் 40 டிராவாகி, கடைசியில் 1985 பிப்ரவரியில் முடிவே இல்லாமல் போட்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதைப் பார்த்தவர்கள் பொறுமைசாலிகள்.

டிசம்பர் 12 ஆட்டமும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ் விடாமல் ஆடினார். 55ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். மூன்று நகர்வுகளில் எல்லாம் முடிந்தது. அந்தக் கட்டத்தைத் தவிர்த்திருந்தால் அது போட்டியின் பத்தாவது டிராவாக இருந்திருக்கும்.

அடுக்குமாடிக் கீழ்த்தளத்துச் சதுரங்க மேசையிலோ பள்ளிப் போட்டியிலோ நீங்கள் போராடி எடுத்த டிரா ஒன்று இருக்குமே? ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். ஜெயித்த கதைகள் ஏற்கெனவே நிறைய வந்து சேர்ந்திருக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்